மண்ணும் மருந்தும் கலையும்
ஒக்காடா மோக்கிச்சியின் வாழ்வு

பெரியோர் வரலாறு எழுதும் பணி இப்புத்தளக் கரைக்குப் புதியதன்று. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, தமிழ்ப் புலவர் பலரின் வரலாறுகளைத் திரட்டி, 'தமிழ்ப் புளூட்டாக்' என்னும் பெயரால் 1859 ஆம் ஆண்டில் ஆங்கில நூலாக வெளியிட்டார். தமிழ்ப் பெரியோரைப் பிறர் அறிய அந்நூல் உதவியது. பிற நாட்டுப் பெரியார் ஒருவரைத் தமிழர் அறிதற்கு இச்சிறு கட்டுரை உதவுமாயின் அதுவே எனக்குப் போதும்.

யான் கூறப் புகுவது யப்பான் நாட்டு ஒக்காடா மோக்கிச்சியின் வாழ்வு. ஒக்காடா என்பது குடிப்பெயர். மோக்கிச்சி என்பது இயற்பெயர். 1882 இற் பிறந்து 1955 இல் மறைந்த இவர், உழவும் நோய் நீக்கமும் கலையும் ஒரே வேரினின்றும் கிளைத்தவை என்று கண்டவர். இவரைத் தெய்வ நிலையில் வைத்துப் போற்றுவோர் உளர். இவர் கூறியன யாவும் பொருளற்றவை என்று ஒதுக்குவோரும் உளர். யான் இவ்விரு சாராரையும் சேர்ந்தவனல்லேன். தமிழ் கற்பிக்கும் ஆசிரியன் நான். என் வகுப்பிலிருக்கும் பிள்ளைகளிற் பலர் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் குடிக்கும் கிணற்று நீரைப் பற்றிய கவலையே என்னை இவர் வரலாற்றைத் தேடிப் படிக்கச் செய்தது.

வறுமையும் நோயும்

தோக்கியோ நகரின் அசாக்குசாப் பகுதியில், 1882 ஆம் ஆண்டு திசம்பர் 23 ஆம் நாள் மோக்கிச்சி பிறந்தார். தந்தையார் பழம்பொருள் விற்றுப் பிழைத்தவர். வறுமை அக்குடும்பத்தை விட்டு நீங்கவில்லை. எனினும் பழைய ஓவியங்களும் மட்கலங்களும் வந்து போகும் வீட்டிற் பிறந்த பிள்ளைக்கு அழகுணர்ச்சி இளமையிலேயே வாய்த்தது. பதினான்கு வயதில், 1897 இல், தோக்கியோ நுண்கலைப் பள்ளியின் ஆயத்த வகுப்பிற் சேர்ந்தார்.

ஓவியனாதல் வேண்டும் என்னும் அவ்வாசை முளையிலேயே கருகிற்று. கண்ணோய் பற்றியது, படிப்பை விடவேண்டியதாயிற்று. கண்ணோயைத் தொடர்ந்து நுரையீரலைச் சூழ்ந்த சவ்வில் அழற்சி கண்டது. பின்னர் சயரோகம் என்று மருத்துவர் கூறினர். அந்நாளிற் சயரோகத்தை வேரறுக்கும் மருந்து உலகில் எங்கும் இல்லை. மருத்துவர் கைவிட்ட நிலையில், ஊனுணவை நீக்கித் தாவர உணவையே உண்டு பார்த்தார் அவ்விளைஞர். உடல் தேறியது. உயிர் பிழைத்தார்.

இந்நிகழ்ச்சியைப் படிப்போர் நன்கு மனத்திற் கொள்ளல் வேண்டும். பிற்காலத்தில் அவர் மருந்தை வெறுத்தமைக்கும், உணவும் மண்ணுமே உடல்நலத்தின் அடி என்று உறுதியாக நின்றமைக்கும் வித்து இங்கே விழுந்தது. தம் உடம்பில் ஒருமுறை கண்டதை உலகுக்கெல்லாம் பொது விதியாக்கினார் அவர். அதில் உள்ள உண்மையையும் பிழையையும் பின்னர் ஆராய்வோம்.

ஓவியம் கைவிட்டுப் போனபின், அரக்குப் பூச்சின் மேற் பொற்றூள் தூவிச் சித்திரம் அமைக்கும் 'மக்கியே' என்னும் கைத்தொழிலைப் பயின்றார். அங்கும் ஊழ் குறுக்கிட்டது. விரலில் ஏற்பட்ட காயத்தால் அந்நுண்தொழிலையும் தொடர இயலாது போயிற்று. கண்ணும் கையும் மாறிமாறி ஏமாற்றியபோதும் அழகின்மேல் அவர் கொண்ட காதல் மட்டும் மாறவில்லை.

வணிகமும் வீழ்ச்சியும்

1905 ஆம் ஆண்டில், மகளிர் அணியும் சிறு பொருள்கள் விற்கும் கடையொன்றைத் திறந்தார். அதற்கு அவர் இட்ட பெயர் 'கோரின்தோ' என்பது. ஒகாத்தா கோரின் என்பார் 17, 18 ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த பெரும் ஓவியர். அவர்பால் வைத்த பற்றினாற் கடைக்கு அப்பெயரை இட்டார். அடுத்த சில ஆண்டுகளில் அவர் மொத்த வணிகரானார். தலையணிகளுக்கும் பிற அணிகளுக்கும் உரிய மினுங்கும் பதிபொருளொன்றைத் தாமே கண்டுபிடித்தார். 'அசாகி வைரம்' என்று பெயர்பெற்ற அதற்குப் பத்து நாடுகளில் ஆக்கவுரிமை கிடைத்தது. வறியவர் செல்வரானார்.

செல்வம் சகடக்கால் போல வரும் என்று நம் நாலடியார் கற்ற பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியதில்லை. 1919 இல் அவர் மனைவியார் காலமானார். அவ்வாண்டிலேயே அவர் தொடர்பு கொண்டிருந்த வங்கி முறிந்தது. 1920 இல் யப்பானியச் சந்தை முழுவதும் சரிந்தபோது அவர் தலைமேற் பெருங்கடன் நின்றது. எஞ்சிய வணிகத்தை ஒருவாறு நிமிர்த்தி வரும் வேளையில், 1923 செத்தெம்பர் 1 ஆம் நாள் கன்தோப் பெருநிலநடுக்கம் தோக்கியோவைத் தரைமட்டமாக்கியது. ஓரிலக்கத்துக்கு மேற்பட்டோர் மாண்ட அப்பேரழிவில் அவர் வணிகமும் பெருநட்டம் அடைந்தது.

இளமையில் அவர் கடவுளை நம்பாதவர், கோயிலுக்குச் செல்லாதவர். துன்பம் அடுக்கி வந்த 1920 ஆம் ஆண்டிலேயே 'ஓமொத்தோ' என்னும் சமயச் சங்கத்திற் சேர்ந்தார். தெகுச்சி நாவோ என்னும் ஏழைக் கைம்பெண் 1892 இல் தொடக்கிய இயக்கம் அது. அக்காலத்தில் அவர் மருமகன் ஒனிசபுரோ அதனை நடத்தி வந்தார். கை வைத்து நோய் நீக்கும் வழக்கமும், கலையைச் சமயத்தோடு சேர்த்துப் போற்றும் வழக்கமும் அங்கே இருந்தன. ஒக்காடாவின் பிற்காலக் கொள்கைகளுக்கு அவ்விடம் நாற்றங்கால் ஆயிற்று.

1926 இறுதியில் தமக்கு இறையருள் வெளிப்பாடு கிட்டியதாக அவர் கருதினார். 1928 முதல் வணிகத்தை விட்டுச் சமயப்பணியே தம் பணி எனக் கொண்டார். 1931 சூன் 15 இல் நொக்கோகிரி மலையுச்சியில் வழிபட்டபோது, இருள்யுகம் கழிந்து ஒளியுகம் புலர்வதாக உணர்ந்தார். 1934 இல் ஓமொத்தோவை விட்டு நீங்கி, 1935 சனவரி முதலாம் நாள் தமக்கெனத் தனிச்சங்கம் கண்டார். அதற்குக் 'கன்னொன்' பெயரையே சூட்டினார்.

கன்னொன் என யப்பானியர் போற்றுவது நாம் அவலோகிதர் என்று அறிந்த போதிசத்துவரையே. அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதரிடத்தில் என்று வீரசோழியம் செய்த புத்தமித்திரனார் கூறியதைப் பண்டித வகுப்பு மாணவர் அறிவர். கருணையே வடிவான அத்தெய்வம் தென்னாட்டில் மொழிக்கு ஆசிரியராகவும், கீழ்த்திசைத் தீவில் உழவுக்கும் மருத்துவத்துக்கும் காவலராகவும் எண்ணப்பட்டமை சுவையான செய்தி.

பசளையிடாத வயல்

1935 இன் பிற்பகுதியில் தோக்கியோவின் புறநகரான தமகாவாவில் ஒக்காடா குடியேறினார். அங்கே, தம் வீட்டுத் தோட்டத்தில், பசளையின்றிப் பயிர் செய்து பார்க்கத் தொடங்கினார். முதலிற் காய்கறி, பின்னர் நெல். அவர் கொள்கை சுருக்கமானது. மண் இறந்த பொருளன்று, உயிருள்ளது. ஞாயிற்றின் வெம்மையும் நீரின் தண்மையும் மண்ணின் ஆற்றலும் கூடிப் பயிரை வளர்க்கும். மண்ணைத் தூய்மையாக வைத்திருத்தலே உழவன் கடன். புறத்தேயிருந்து இடும் பசளை மண்ணைச் சோம்பலாக்கும். பசளையில்லாவிட்டால் விளையாத நிலைக்கு அதனைக் கொண்டுவரும். இதுவே அவர் கருத்து.

அவர் விலக்கியது இரசாயனப் பசளையை மட்டுமன்று. யப்பானிய உழவர் வழிவழியாக இட்டுவந்த மலவெருவையும், விலங்கின் எருவையும் விலக்கினார். மலவெருவால் வயிற்றுப் புழுக்கள் நாடெங்கும் மலிந்திருந்த காலம் அது. ஆதலின் அவ்விலக்கு உடல்நலத்துக்கும் உகந்ததே. இலைதழைகளும் புல்லும் மக்கிய கூட்டெருவை மட்டும் அவர் ஏற்றார். அதனையும் பயிருக்கு உணவாக அவர் கருதவில்லை; மண்ணை வெதுவெதுப்பாகவும் பொலபொலப்பாகவும் ஈரமாகவும் வைத்திருக்கும் போர்வையாகவே கருதினார். 1950 இல் இம்முறைக்கு 'இயற்கை வேளாண்மை' என்னும் பெயரை வழங்கினார்.

இங்கே நம் வள்ளுவரை நினையாதிருத்தல் இயலாது. உழவு அதிகாரத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு குறட்பாக்களை நோக்குக. ஒன்று, புழுதி காற்பங்காகும்படி நிலத்தை உழுது உணக்கினால் ஒரு பிடி எருவும் வேண்டாது பயிர் செழிக்கும் என்னும் கருத்தினது. மற்றது, உழுதலினும் எருவிடுதல் நன்று என்னும் கருத்தினது. முரணாகத் தோன்றும் இவையிரண்டும் முரண் அல்ல. மண்ணின் தன்மையறிந்து செய்க என்பதே உட்கிடை. ஒக்காடா முதற் குறளின் வழியில் நெடுந்தூரம் சென்றவர், இரண்டாவதை ஏலாதவர்.

மற்றொரு செய்தியும் கூறற்குரியது. பசளைக்குப் பழகிய நிலத்தில் அதனை நிறுத்தினால், தொடக்கத்தில் விளைச்சல் குறையும் என்பதை அவர் மறைக்கவில்லை. மண் தன் இயல்புக்குத் திரும்ப ஆண்டுகள் சில செல்லும் என்றே உழவர்க்கு எச்சரித்தார். இதனை நாம் மறவாதிருத்தல் நன்று.

யப்பானிய இயற்கை வேளாண்மை என்றதும் நம்மவர்க்கு நினைவு வருபவர் புக்குவோக்கா மசனோபு. 'ஒற்றை வைக்கோற் புரட்சி' எழுதிய அவர் வேறு, இவர் வேறு. புக்குவோக்கா 1913 இற் பிறந்து 2008 இல் மறைந்தவர். 1988 இல் மக்சேசே விருதும் விசுவபாரதியின் தேசிகோத்தமப் பட்டமும் பெற்றவர். உழாமையை அவர் முதன்மையாகக் கொண்டார். மண்ணின் தூய்மையை இவர் முதன்மையாகக் கொண்டார். காலத்தால் முந்தியவர் ஒக்காடா. பூச்சிமருந்துகளின் கேட்டினை உலகறியச் செய்த இரேச்சல் கார்சன் அம்மையாரின் நூல் வெளிவந்தது 1962 இல். ஒக்காடா மறைந்து ஏழாண்டு கழிந்தபின்.

கையும் மருந்தும்

நோய் நீக்கம் பற்றிய அவர் கொள்கையை இனிக் கூறுவேன். உள்ளங்கையை நோயாளியின் எதிரே உயர்த்தி, இறையொளியைச் செலுத்தும் வழிபாட்டு முறையொன்றை அவர் கற்பித்தார். 'ஜோரே' என்பது அதன் பெயர். ஆவியைத் தூய்மை செய்தல் என்பது பொருள். உடலிற் சேர்ந்த நஞ்சு வெளியேறும் முயற்சியே நோய் என்றும், மருந்தே புதிய நஞ்சாகி உடலிற் படிகின்றது என்றும் அவர் நம்பினார். மண்ணுக்குப் பசளை எவ்வாறோ அவ்வாறே உடலுக்கு மருந்து என்பது அவர் கண்ட ஒப்புமை.

ஒப்புமை அழகியது. ஆயினும் உவமையணி வேறு, உண்மை வேறு. இலக்கணம் கற்பிக்கும் நான் இதனை அழுத்திக் கூறக் கடமைப்பட்டவன். சயரோகத்தை அடக்கும் முதல் மருந்தாகிய இசுத்திரெப்தோமைசின் 1943 இற் கண்டறியப்பட்டது. ஒக்காடாவின் இளமையில் மருத்துவர் கைவிட்ட அந்நோய் அவர் முதுமையில் தீர்க்கத்தக்க நோயாகிவிட்டது. அவர் அதனை ஏற்றாரல்லர். வேண்டுகையும் அன்பான தொடுகையும் நோயாளிக்கு ஆறுதல் தரும். மனத்துக்குத் தெம்பு தரும். அவை மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளுமாயின் உயிர்க்கே இறுதியாம். முன்னுண்டது செரித்தமை போற்றி உண்பவனுக்கு மருந்தே வேண்டாம் என்ற வள்ளுவரும், அதே அதிகாரத்தில் நோயாளி, மருத்துவன், மருந்து, துணை நிற்பவன் என நால்வகை உறுப்பைக் கூறி மருத்துவத்தை அமைத்தார். உணவொழுக்கம் முதலில், நோய் வந்தபின் மருத்துவன். இவ்வொழுங்கே நமக்கு வழி.

அவர் கொள்கை அரசினரோடும் அவரைப் பகைக்க வைத்தது. 1936 முதற் காவற்றுறையினர் அவரைக் கண்காணித்தனர், சங்கம் கலைந்தது, நோய் நீக்கும் பணிக்குத் தடை வந்தது, நீங்கியது, மீண்டும் வந்தது. போர் முற்றிய 1944 இல் தோக்கியோவை விட்டு அக்கோனே மலைப்பகுதிக்கும், பின்னர் அத்தாமிக் கடற்கரைக்கும் குடிபெயர்ந்தார். போர் ஓய்ந்து சமயவுரிமை கிடைத்தபின், 1947 இற் சங்கம் மீண்டும் எழுந்தது; 1950 இல் 'உலக மெசியா சமயம்' என்னும் பெயர் பெற்றது. அவ்வாண்டிலேயே வரியும் கையூட்டும் பற்றிய வழக்கில் அவர் கைதாகிச் சில வாரம் காவலில் இருந்தார். வரலாறு எழுதுவோன் இதனையும் மறைத்தல் கூடாது.

அழகு அனைவர்க்கும்

போருக்குப் பின் யப்பானிய அரசு பெருஞ்சொத்துக்கு வரி விதித்தது. உயர்குடியினர் வழிவழி காத்துவந்த ஓவியங்களும் கலங்களும் விலைக்கு வந்தன. அயல்நாட்டார் கைக்கு அவை போய்விடும் என்னும் அச்சம் எழுந்த காலம் அது. ஒக்காடா தம் சங்கத்தின் பொருளைக் கொண்டு அவற்றை வாங்கலானார். தம் அறையில் வைத்து இன்புறுதற்கு வாங்கினாரல்லர். கலைச்செல்வம் சிலர் பெட்டகத்திற் பூட்டப்படுதல் முறையன்று. உழுவோனும் நெய்வோனும் அதனைக் கண்டு உள்ளம் உயர்தல் வேண்டும் என்பது அவர் துணிபு. நல்லுணவு உடலைத் தூய்மை செய்வது போல நல்லழகு உள்ளத்தைத் தூய்மை செய்யும் என்றார்.

1952 சூன் 15 இல் அக்கோனேக் கலைக்கூடம் திறக்கப்பட்டது. சுற்றிலும் பாறையும் நீரும் பாசியும் கொண்ட பூங்காவைத் தாமே முன்னின்று அமைத்தார். பாசி படர்ந்த அத்தோட்டம் இன்றும் மக்கள் கண்டு மகிழும் இடமாக விளங்குகின்றது. பூக்களைக் கலத்தில் அமைத்தலிலும் அவர் வல்லவர். கிளையை வளைத்து முறிக்காமல், அது வளர்ந்த இயல்பிலேயே வைப்பார். வயலில் அவர் மண்ணை நடத்திய முறையும் கலத்திற் பூவை நடத்திய முறையும் ஒன்றே.

1954 இல், இளமையிற் கடைக்குப் பெயராகக் கொண்ட கோரினின் தலைசிறந்த படைப்பாகிய செந்நிற, வெண்ணிறப் பிளம் மலர்த் திரைகள் அவர் சங்கத்துக்குக் கிடைத்தன. கண்ணோயால் ஓவியப்பள்ளியை விட்ட சிறுவன் ஏறத்தாழ அறுபதாண்டு கழித்துத் தன் ஆசானை அடைந்தான் எனலாம். அடுத்த ஆண்டு, 1955 பெப்ரவரி 10 இல், அத்தாமியில் ஒக்காடா காலமானார்.

அவர் நூற்றாண்டையொட்டி 1982 இல் அத்தாமிக் குன்றின்மேல் பெருங்கலைக்கூடம் எழுந்தது. அத்திரைகள் அங்கே உள்ளன. அவர் வழியினின்று 1970 இற் பிரிந்த 'சுமே' சங்கம், 1997 இல் சிகா மலைநாட்டில் மிகோ கலைக்கூடத்தை நிறுவியது. அச்சங்கமும் உழவு, நோய் நீக்கம், கலை என்னும் மூன்றினையே தன் பணியாகக் கொண்டுள்ளது.

நம் கரைக்கு என்ன?

கற்பிட்டிக் குடாநாடு மணற்பாங்கானது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. நடுவே, உப்புநீரின்மேல் மெல்லிய படலமாய் மிதப்பதே நம் நன்னீர். மிளகாயும் வெங்காயமும் கிழங்கும் விளையும் தோட்டங்களில் நாள்தோறும் நீர் இறைத்து, இரசாயனப் பசளையை மிகுதியாக இடுகின்றனர். மணல் எதனையும் பிடித்து வைப்பதில்லை. பயிர் உண்டது போக எஞ்சிய பசளை, இறைத்த நீரோடு கீழிறங்கிக் கிணற்றைச் சேர்கின்றது. தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வரையறுத்த இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைத் தாண்டியுள்ளதை ஆய்வாளர் கண்டு கூறியுள்ளனர். அது கைக்குழந்தைக்குப் பெருந்தீங்கு. குருதியின் உயிர்வளி தாங்கும் ஆற்றலைக் குறைப்பது.

இத்தீங்கைத் தீர்க்க ஒரே நாளிற் பசளையை ஒழித்தல் வழியோ எனின், அன்று. 2021 மே மாதத்தில் நம் நாட்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. மண்ணைப் பழக்கவில்லை, உழவரைப் பழக்கவில்லை, மாற்று எரு போதிய அளவு இல்லை. நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. மண் திரும்ப ஆண்டுகள் வேண்டும் என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒக்காடா கூறியிருந்த எச்சரிக்கை பொய்யன்று. இயற்கை வேளாண்மையை அவர் தம் வீட்டுக் கொல்லையில் தொடங்கினார், கட்டளையாகத் தொடங்கவில்லை.

இலையெரு நமக்குப் புதியதுமன்று. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் பூவரசம் குழையை மண்ணிற் புதைக்கும் வழக்கத்தைக் 'குழை தாழ்த்தல்' என்பர். மக்கிய தழை மணலில் நீரையும் ஊட்டத்தையும் பிடித்து வைக்கும். இறைக்கும் நீரும் குறையும். இடும் பசளையும் குறையும். கிணற்றில் இறங்குவதும் குறையும். ஒக்காடா இதனை மண்ணின் ஆவி என்றார். விஞ்ஞானி மக்கும் நுண்ணுயிரும் என்பார். பெயர் எதுவாயினும் தோட்டத்தில் நிகழ்வது ஒன்றே.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளித் தோட்டத்தில் இரண்டு பாத்தி அமைப்போம். ஒன்றில் வழக்கம்போற் பயிரிடுக. மற்றதிற் பள்ளி முற்றத்துச் சருகை மக்கவைத்து இடுக. மூன்றாண்டு தொடர்ந்து, இறைத்த நீரின் அளவையும் விளைவின் எடையையும் மாணவர் குறித்து வரட்டும். ஆண்டுக்கொருமுறை கிணற்று நீரைச் சோதிப்பிக்கட்டும். விளைந்த காயை ஓவிய வகுப்பில் வைத்து வரையட்டும். காய்ச்சல் வந்த பிள்ளையை மட்டும் தாமதமின்றி வைத்தியசாலைக்கு அனுப்புவோம்.